மணலும் மண்தானா? பையன் கேட்டு மாட்டிக்கொண்டேன்

மொட்டைமாடி மதுரை

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாகத் தெரியலாம், சிரிக்காதீர்கள். மாடியில் இருபது தொட்டி வைத்திருக்கிறேன். போன வாரம் ஒரு கடையில் 'செடி மண்' என்று எழுதிய மூட்டை ஒன்று வாங்கி வந்தேன் (கடைப் பேர் வேண்டாம்). பிரித்துக் கொட்டினால் முக்கால்வாசி தேங்காய் நார்க்கழிவு, கொஞ்சம் ஓடை மணல், மேலாகத் தூவினது போல மண்புழு உரம். இதில் மண் எங்கே இருக்கிறது என்று நான் புலம்பிக்கொண்டிருந்தபோது ஏழாவது படிக்கிற பையன் பக்கத்தில் வந்து நின்று, "மணல் மண்ணு இல்லையாம்மா? அப்ப எதும்மா மண்ணு?" என்றான்.

பாறை உடைந்து பொடியானால் மண் என்று பாடப்புத்தகத்தில் படித்ததைச் சொன்னேன். "அப்ப எம்-சாண்ட் மண்ணா?" என்று கேட்டான். எதிர் மனையில் வீடு கட்டுகிறார்கள், பாறையை மெஷினில் உடைத்துச் செய்த அந்த மணலைக் குவித்துப் போட்டிருக்கிறார்கள், அதைக் காட்டித்தான் கேட்கிறான். இல்லை, செடி வளர்ந்தால்தான் மண் என்றேன். "நார்க்கழிவுல செடி வளருதே, அப்ப அது மண்ணா?" அதோடு அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி இறங்கி வந்துவிட்டேன். யாராவது காப்பாற்றுங்கள்.

சும்மா வந்தவன்

வாசலில் கிடந்தால் மண், கண்ணில் விழுந்தால் தூசி, என் செருப்போடு வீட்டுக்குள் வந்தால் குப்பை. என் மனைவி தந்த விளக்கம். இதற்கு மேல் விஞ்ஞானம் வேண்டுமா?

அஸ்திவாரம்

நான் சிவில். எங்களுக்கு இதில் குழப்பமே இல்லை. கெட்டிப்பாறைக்கு மேலே இறுகாமல் கிடக்கிற எல்லாமே மண். கடப்பாரையால் தோண்ட முடிந்தால் மண், வெடி வைக்க வேண்டியிருந்தால் பாறை, ஏறக்குறைய அவ்வளவுதான். மணலும் மண், களியும் மண், சரளையும் மண். 30 மீட்டர் ஆழத்தில் போர் போட்டு எடுத்தாலும் எங்கள் அறிக்கையில் அது மண்தான், அங்கே வேர் போகிறதா புழு இருக்கிறதா என்பதெல்லாம் எனக்கு வேண்டாத விஷயம். எவ்வளவு பாரம் தாங்கும், நீர் ஏறினால் என்ன ஆகும், எவ்வளவு அமுங்கும், இந்த மூன்றும் தெரிந்தால் போதும். கார்ல் டெர்சாகி 1925-இல் மண் இயந்திரவியலுக்கு அடித்தளம் போட்டதிலிருந்து இந்தக் கணக்கில்தான் கட்டடங்கள் நிற்கின்றன.

இன்னொன்று, நீங்கள் தங்கம் மாதிரி பார்க்கிற கருத்த மேல்மண்ணை நாங்கள் முதல் வேலையாக வழித்து ஓரம் தள்ளிவிடுவோம். அதில் இருக்கிற மக்கு, அதாவது மக்கின இலை தழை, இன்னும் அழுகும், அழுகினால் இறங்கும், இறங்கினால் சுவர் விரியும். ஆக உங்களுக்கு எது நல்ல மண்ணோ அது எனக்குக் கழிவு. பையனிடம் எம்-சாண்டும் மண்தான் என்று தாராளமாகச் சொல்லுங்கள்.

மண்கண்டம்

சொல்லாதீர்கள் அம்மா.

நான் மண் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். விவசாயிகள் மஞ்சப்பையில் அரைக் கிலோ மண்ணோடு வந்து நிற்பதைத்தான் என் வாழ்நாளில் அதிகம் பார்த்திருக்கிறேன். உங்கள் பையன் கேட்டதற்கு 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை விஞ்ஞானிகளிடமே ஒழுங்கான பதில் கிடையாது, அதனால் நீங்கள் கூச்சப்பட வேண்டியதில்லை. பாறையைப் படித்தவர்கள் மண்ணைப் பாறையின் குப்பை என்று பார்த்தார்கள். வேதியியல் படித்தவர்கள் செடிக்குச் சத்து வைத்திருக்கிற பாத்திரம் என்று பார்த்தார்கள். ரஷ்யாவில் வசீலி தொக்குச்சாயெவ் என்பவர் அங்கே புல்வெளிகளில் இருக்கும் கறுப்பு மண்ணை வருடக்கணக்கில் அலைந்து ஆராய்ந்து 1883-இல் ஒரு நூல் வெளியிட்டார். மண் என்பது தனியாக ஒரு இயற்கைப் பொருள், ஏரி எப்படி ஒரு பொருளோ காடு எப்படி ஒரு பொருளோ அப்படி, என்பதுதான் அவர் பார்வை. தாய்ப்பாறை, தட்பவெப்பம், உயிர்கள், மேடு பள்ளம், காலம், இந்த ஐந்தும் சேர்ந்து ஒரு இடத்தில் வேலை பார்த்தால் அந்த இடத்துக்கென்று ஒரு மண் உருவாகிறது. 1941-இல் ஹான்ஸ் ஜென்னி இந்த ஐந்தையும் ஒரு சமன்பாடாகவே எழுதினார்.

இப்போது எம்-சாண்டை இந்த ஐந்தில் வைத்துப் பாருங்கள். பாறை இருக்கிறது, மற்ற நான்கும் இல்லை. கிரஷரில் காலையில் உடைத்துச் சாயங்காலம் லாரியில் ஏற்றியது அது. மழை அதற்குள் இறங்கி எதையும் கரைத்துக் கொண்டுபோய்க் கீழே சேர்க்கவில்லை, வேர் அழுகி எதையும் விட்டுவிட்டுப் போகவில்லை, எறும்பு துளைக்கவில்லை. ஆனால் அதே குவியலை ஒரு மூலையில் கொட்டி ஐம்பது வருடம் மறந்துவிடுங்கள். புல் முளைக்கும், சருகு சேரும், மேலே ஒரு விரல்கடைக்குக் கறுக்கும். அந்த இடத்தில் மண் பிறக்க ஆரம்பித்துவிட்டது என்று நான் எழுதித் தருவேன்.

ஒரு தோட்டத்தில் ஆள் ஆழத்துக்குக் குழி வெட்டி, ஒரு பக்கச் சுவரைக் கொத்தி விட்டுப் பார்த்தால் தெரியும். மேலே சருகு, அடுத்துக் கறுத்த மேல்மண், அதற்குக் கீழே மழைநீர் மேலிருந்து அடித்துக் கொண்டுவந்த களியும் இரும்பும் தங்கின அடிமண், அதற்கும் கீழே பாதி சிதைந்த பாறை. இந்த வெட்டு முகத்தைத்தான் நாங்கள் மண்கண்டம் என்போம், இங்கே என் பெயரும் அதுதான். மண் என்பது இந்த அடுக்குகளோடு, அந்த இடத்தோடு சேர்ந்தது. நல்ல செம்மண்ணையே வெட்டி மூட்டை கட்டினாலும் வந்து சேர்வது மண்ணிலிருந்து எடுத்த பொருள்தான். ஆட்டை அறுத்துக் கொண்டுவந்த பிறகு கறி என்கிறோம், ஆடு என்று யாரும் சொல்வதில்லை.

அஸ்திவாரம்

ஐயா, அப்படியென்றால் தமிழ்நாட்டில் லாரியில் போகிற எதுவுமே மண் இல்லையா? டெண்டரில் "செம்மண் நிரப்புதல்" என்று எழுதுகிறோமே, இனி "செம்மண்ணின் கறி நிரப்புதல்" என்று எழுதவா?

சும்மா வந்தவன்

இன்றைக்கு இதுதான் எங்கள் அலுவலக வாட்ஸப்பில் ஸ்டேட்டஸ்.

மண்கண்டம்

எழுதுங்கள் தம்பி, நான் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் விளையாட்டை விட்டுவிட்டு ஒன்றைக் கவனியுங்கள். மணல் என்ற சொல்லிலேயே நமக்குள் ஒத்துப்போகவில்லை. வேளாண் ஆய்வகத்தில் 2 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் கல் என்று சலித்து ஒதுக்கிவிடுவோம். உங்கள் இந்தியத் தர நிர்ணயத்தில் 4.75 மில்லிமீட்டர் வரைக்கும் மணல். 0.002 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் களி என்பதில் மட்டும் ஒற்றுமை. அமெரிக்க முறையில் 0.05-லிருந்து 2 வரை மணல், 0.002-லிருந்து 0.05 வரை வண்டல் துகள். ஆக மணல், வண்டல், களி எல்லாமே பருமனைச் சொல்லும் பெயர்கள். என்ன தாது, எங்கே உருவானது, எத்தனை வயது என்று எதுவும் அதில் கிடையாது. அதனால் பையனுக்கு என் பதில்: மணல் என்பது மண்ணுக்குள் இருக்கிற ஒரு அளவுத் துகள். 'மணல் மண்ணா?' என்று கேட்பது 'குருணை சோறா?' என்று கேட்கிற மாதிரி.

நல்ல தோட்டத்து மேல்மண்ணை எடுத்தால் கனஅளவில் பாதிதான் திடப்பொருள். தாதுத் துகள் ஏறக்குறைய 45 சதவீதம், மக்கு 5 சதவீதம், மீதிப் பாதி இடைவெளி, அதில் பாதி தண்ணீரும் பாதி காற்றும் என்று பாடத்தில் சொல்வோம். எங்கள் தொழிலில் அந்த வெற்றிடத்துக்குத்தான் மரியாதை. டிராக்டரை ஈரத்தில் ஓட்டி அந்த இடைவெளியை நசுக்கிவிட்டால் துகள் எல்லாம் அப்படியே இருக்கும், நிலம் போய்விடும்.

கரிசல்காரன்

பெரியவர் சொல்வதில் எனக்கு ஒரு சந்தேகம். கோவில்பட்டிப் பக்கம் எங்களுக்குப் பன்னிரண்டு ஏக்கர் கரிசல், மானாவாரி. உளுந்து, பாசி, மக்காச்சோளம், ஒரு காலத்தில் பருத்தி. கிணறு வெட்டும்போது நான் உள்ளே இறங்கி நின்று பார்த்தவன். நீங்கள் சொல்கிற அடுக்கு எதையும் காணோம். மேலே என்ன கறுப்போ அதேதான் ஆள் உயரத்துக்குக் கீழேயும், அதற்கு அடியில் சுக்கான், சுண்ணாம்புக் கல். அடுக்கு இருந்தால்தான் மண் என்றால் எங்கள் கரிசல் மண் இல்லையா? எங்கள் ஊரில் வந்து இதைச் சொல்லிப் பாருங்கள்.

சித்திரை வைகாசியில் வந்தால் வெடிப்பில் மண்வெட்டிக் காம்பு முழுசாக உள்ளே போகும், ஆட்டுக்குட்டி கால் மாட்டிக்கொள்ளும். புரட்டாசியில் ரெண்டு மழை பெய்ததும் வெடிப்பு மூடி, வரப்பில் நடந்தால் செருப்பு ஒவ்வொன்றும் ரெண்டு கிலோ ஆகிவிடும்.

மண்கண்டம்

இந்த இழையில் இதுவரை வந்த கேள்விகளில் இதுதான் சரியான கேள்வி. உங்கள் கரிசல் அடுக்கு வைத்துக்கொள்ளாததற்குக் காரணம் நீங்களே எழுதிவிட்டீர்கள், அந்த வெடிப்புதான்.

கரிசலில் இருக்கும் களி வீங்கிச் சுருங்குகிற வகை. அதன் தாதுத் தகடுகளுக்கு நடுவில் தண்ணீர் புகுந்தால் விரியும், காய்ந்தால் ஒடுங்கும். கோடையில் ஆழமாக வெடிக்கிறது, மேலே இருக்கிற பொருக்கும் புழுதியும் சருகும் அந்த வெடிப்புக்குள் விழுகிறது. மழை வந்ததும் அடியில் இருக்கிற மண் வீங்குகிறது, ஆனால் வெடிப்புக்குள் ஏற்கெனவே வேறு மண் போய் உட்கார்ந்துவிட்டதால் விரிய இடமில்லை, ஒன்றை ஒன்று நெருக்கித் தள்ளி மேலே வருகிறது. ஆயிரக்கணக்கான வருடமாக இப்படிக் கீழே போவதும் மேலே வருவதுமாக இருந்தால் அடுக்கு எங்கே நிற்கும்? தானே உழுதுகொள்ளும் மண் என்று இதைச் சொல்வது அதனால்தான். இந்த வகைக்கு உலக வகைப்பாட்டில் பெயர் வெர்டிசால், 'புரட்டு' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இந்தப் பெயருக்குக் குறைந்தது 30 சதவீதம் களி இருக்க வேண்டும், வெடிக்க வேண்டும்.

நீங்கள் கிணற்றுக்குள் நின்றபோது சுவரில் ஒரு கட்டியைப் பெயர்த்துப் பார்த்திருந்தால், சாய்வாக, எண்ணெய் தேய்த்தது போல வழவழவென்று ஒரு முகம் தெரிந்திருக்கும். ஒரு கட்டி இன்னொன்றின் மேல் வழுக்கினதால் ஏற்பட்ட மெருகு அது. அடுக்கு இல்லாவிட்டாலும் அந்த மெருகே சாட்சி. முதலில் வந்து கிடந்த பொருள் அப்படியே இல்லை, அங்கேயே இருந்து மாறியிருக்கிறது. எனக்கு அதுதான் வேண்டும். 'அடுக்கு' என்று மட்டும் எழுதிவிட்டது என் தவறு.

ரஷ்யக் கறுப்பும் உங்கள் கறுப்பும் ஒன்றில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே புல்வேர் மக்கி மக்கி வந்த கறுப்பு. கரிசலில் மக்கு பெரும்பாலும் ஒரு சதவீதம்கூட தேறாது, கொஞ்சம் மக்கு களியோடு இறுக்கமாகப் பிணைந்துகொண்டு இத்தனை கறுப்பைக் காட்டுகிறது. கறுப்பாக இருக்கிறதே என்று எருப் போடாமல் இருந்துவிடாதீர்கள்.

கரிசல்காரன்

அந்த வழவழப்பைப் பார்த்திருக்கிறேன் ஐயா. மண்வெட்டி பட்ட தடம் என்று நினைத்துவிட்டேன். சரி, இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

அஸ்திவாரம்

கரிசலைப் பற்றிப் பேச்சு வந்ததால் என் வயிற்றெரிச்சலையும் கொட்டிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் விருதுநகர்ப் பக்கம் ஒரு சுற்றுச்சுவர் கட்டினேன். கோடையில் கட்டி முடித்தோம், தை மாதம் போனால் சுவர் பாம்பு மாதிரி நெளிந்து நிற்கிறது. அப்புறம்தான் அடியில் குமிழ் போல விரிந்த குத்துத்தூண் அஸ்திவாரம் படித்தேன், ரூர்க்கியில் இருக்கிற மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இந்த மாதிரி நிலத்துக்காகவே வளர்த்தெடுத்தது. ஈரம் ஏறி இறங்குகிற ஆழத்தைத் தாண்டி, சுமார் 3.5 மீட்டருக்குக் கீழே குமிழை நட்டுவிட்டால் மேலே மண் என்ன ஆட்டம் ஆடினாலும் கட்டடம் நிற்கும். ஆக உள்ளே என்ன களி, எப்படி வந்தது என்று பார்க்காமல் எனக்கும் பிழைப்பு நடக்காது, ஒத்துக்கொள்கிறேன். எம்-சாண்டில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தேரிக்காடு

சாத்தான்குளத்திலிருந்து. எங்கள் தேரியைப் பற்றி யாரும் பேசவில்லையே. ரத்தச் சிவப்பில் மேடு மேடாக மணல், காற்றடித்தால் இடம் மாறும். துகளைத் தேய்த்துக் கழுவினால் உள்ளே வெறும் வெள்ளை மணல், மேலே இரும்புத்துரு மாதிரி ஒரு பூச்சு. பனையும் உடைமரமும் முந்திரியும் நிற்கிறது. அது மண்ணா, மணலா?

மண்கண்டம்

மண்தான். இளம்மண் என்று வைத்துக்கொள்ளுங்கள், அடுக்கு எதுவும் பெரிதாக வராத மண்ணுக்கென்றே வகைப்பாட்டில் ஒரு வீடு இருக்கிறது, என்டிசால் என்று பெயர். காற்று நகர்த்திக்கொண்டே இருந்தால் பாவம் அது எப்போது அடுக்குப் போடும்? பனை வேர் பிடித்து நிற்கிறதே, அது போதும். அமெரிக்க வகைப்பாட்டில் இரண்டு வழி வைத்திருக்கிறார்கள். முதலில் கிடந்த பொருளிலிருந்து மாறுபட்ட அடுக்கு இருக்க வேண்டும், அல்லது இயற்கையான சூழலில் வேருள்ள செடியைத் தாங்க வேண்டும். ஒன்று இருந்தாலும் மண்.

இந்த 'அல்லது' சும்மா வரவில்லை. 1975-இல் வெளியான வரையறை செடியையே பிடித்துத் தொங்கியது. அண்டார்டிகாவில் பனி மூடாத வறண்ட பள்ளத்தாக்குகள் இருக்கின்றன, அங்கே ஒரு புல் கிடையாது, ஆனால் தோண்டினால் நிலம் மாறியிருக்கிறது. அதையும் சேர்த்துக்கொள்வதற்காக 1999-இல் வரையறையை விரித்து எழுதினார்கள். மொட்டைமாடி அம்மா, செடி வளர்ந்தால்தான் மண் என்று நீங்கள் சொன்ன பதில் 24 வருடம் விஞ்ஞானம் வைத்திருந்த பதில்தான். பையனிடம் தோற்றதில் தப்பில்லை.

நார்க்கழிவு விஷயமும் இதிலேயே முடிகிறது. 'இயற்கையான சூழலில்' என்று இருக்கிறதல்லவா. தொட்டியில் செடியைத் தாங்குவது மட்டும் போதாது, இல்லாவிட்டால் வெறும் தண்ணீரில் கீரை வளர்க்கிறார்களே, தண்ணீரும் மண் ஆகிவிடும். அதற்காக மக்குப்பொருள் மட்டுமே இருந்தால் மண் ஆகாது என்றும் இல்லை. நீலகிரியில் புல்வெளிப் பள்ளங்களில் ஆயிரக்கணக்கான வருடமாகச் செடிகொடி ஊறி மக்கிக் கறுஞ்சேறாகக் கிடக்கிறது, அது நூற்றுக்கு நூறு மண்.

சும்மா வந்தவன்

ஐயா, நிலாவில்? செய்தியில் எல்லாம் நிலா மண் என்றுதானே சொல்கிறார்கள்.

மண்கண்டம்

பழக்கத்தில் சொல்கிறோம். அங்கே காற்று இல்லை, மழை இல்லை, புழு இல்லை. விண்கல் அடித்து அடித்துப் பொடியாக்கின பாறைத்தூள், கிரஷர் வேலை மாதிரிதான். அப்போலோவில் கொண்டுவந்த தூளில் 2022-இல் புளோரிடா பல்கலைக்கழகத்தில் கடுகுக் குடும்பத்துச் சின்னச் செடி ஒன்றை முளைக்க வைத்துவிட்டார்கள், ஆனால் தண்ணீரும் சத்தும் இவர்கள்தான் ஊற்றினார்கள், செடியும் குன்றிப்போய்த்தான் வளர்ந்தது.

அஸ்திவாரம்

இதில் நம் ஊர் சம்பந்தம் உண்டு! சந்திரயான்-2 இறங்கும் சோதனைக்கு இஸ்ரோ நிலா மண் மாதிரி ஒன்றைத் தயாரித்ததே, அதற்குப் பாறை போனது நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியிலிருந்து. அனார்த்தசைட் என்ற பாறை, நிலாவின் மேட்டுப்பகுதிப் பாறையோடு ஒத்துப்போகிறது. உடைத்து, பொடியாக்கி அனுப்பினார்கள். அதாவது நிலா மண் என்பது சித்தம்பூண்டி எம்-சாண்ட். அதை மண் என்று இஸ்ரோ சொல்கிறது. என் கட்சி ஜெயித்தது.

மண்கண்டம்

உங்கள் கட்சிக்கு நானே இன்னொரு ஓட்டு தருகிறேன், மனசில்லாமல்தான். உலக அளவில் இன்னொரு வகைப்பாட்டு முறை இருக்கிறது, அதன்படி நிலப்பரப்பிலிருந்து 2 மீட்டருக்குள், வளிமண்டலத்தைத் தொட்டுக்கொண்டு இருக்கிற எந்தப் பொருளும் மண். உயிரோடு இருப்பவை, மூடாத பனிப்பாளம், 2 மீட்டரைத் தாண்டிய நீர்நிலை, இவை மட்டும் விலக்கு. அந்தக் கணக்கில் வெறும் பாறைகூட உள்ளே வரும், மதுரை பைபாஸ் தார்ரோடும் வரும். நகரமும் குப்பைமேடும் வரைபடத்தில் வெற்றிடமாக விடக்கூடாது என்பதற்காக அப்படி வைத்தார்கள். காரணம் புரிகிறது, ஆனால் தார்ரோட்டை மண் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மொட்டைமாடி மதுரை

அடேயப்பா. ராத்திரி எல்லாவற்றையும் பையனுக்குப் படித்துக் காட்டினேன். கறி உதாரணம் அவனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. இப்போது புதுக் கேள்வி. பள்ளியில் மண் உயிரற்றது என்று எழுதச் சொன்னார்களாம். புழு, வேர், பூஞ்சை எல்லாம் உள்ளே இருக்கும்போது எப்படி உயிரற்றது என்கிறான்.

மண்கண்டம்

பரீட்சையில் பாடத்தில் உள்ளதை எழுதட்டும், மதிப்பெண் முக்கியம். வீட்டில் வேறு பேசிக்கொள்ளலாம். மண் மூச்சு விடும், அதாவது உள்ளே இருக்கிற உயிர்கள் விடுகிற கரியமில வாயு வெளியே வரும், அதை அளக்கவே கருவி இருக்கிறது. முதல் மழையில் வருகிற மண்வாசனையில் பெரும்பங்கு ஜியோஸ்மின் என்ற பொருளுக்கு, அதை உண்டாக்குவது ஸ்ட்ரெப்டோமைசிஸ் முதலான மண் பாக்டீரியாக்கள். அதே ஸ்ட்ரெப்டோமைசிஸ் இனத்திலிருந்துதான் 1943-இல் காசநோய்க்கு மருந்து, ஸ்ட்ரெப்டோமைசின், எடுத்தார்கள். எம்-சாண்டில் மழை பெய்தால் அந்த வாசனை வருகிறதா என்று அவனையே மோந்து பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொரு வேலையும் கொடுங்கள். கண்ணாடி ஜாடியில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், நன்றாகக் குலுக்கி அசையாமல் வைக்க வேண்டும். மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் உட்காரும், வண்டல் துகள் சில மணி நேரத்தில், களி கடைசியில்.

மொட்டைமாடி மதுரை

(மூன்று நாள் கழித்து)

ரெண்டு ஜாடி வைத்தோம். கடை மூட்டைக் கலவையில் முக்கால்வாசி மேலே மிதக்கிறது, அடியில் ஒரு விரல் மணல், முடிந்தது. இன்னொன்று என் வீட்டுக்காரரின் சித்தப்பா எட்டயபுரத்திலிருந்து பஸ்ஸில் கொடுத்துவிட்ட கரிசல். மூன்று நாளாகிறது, தண்ணீர் இன்னும் டிகாஷன் மாதிரியே இருக்கிறது. கெட்டுப்போய்விட்டதா?

கரிசல்காரன்

கெட்டுப்போகாது அக்கா. அது கரிசல், அதுபாட்டுக்கு மெதுவாகத்தான் உட்காரும். எங்கள் ஊரணியில் ஐப்பசியில் கலங்கின தண்ணீர் தை வரைக்கும் கலங்கலாகத்தான் கிடக்கும்.

மண்கண்டம்

அவசரமென்றால் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுக் குலுக்குங்கள், களி திரண்டு இறங்கும். ஏன் இறங்குகிறது என்று அவன் கட்டாயம் கேட்பான், அதற்கு நாளைக்குத் தனியாக எழுதுகிறேன்.

மொட்டைமாடி மதுரை

போட்டாயிற்று. சீக்கிரம் எழுதுங்கள் ஐயா, அது ஊறுகாய் ஜாடி, எனக்குத் திரும்ப வேண்டும்.